ஆய்வுரைப் படவில்லைகளில் காணொளிச் சான்றுகள்: கோப்பளவைக் குறைத்தலும் சான்றின் தன்மையைக் காத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

கருத்தரங்குகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் ஆய்வுரை வழங்குவோர், களத்தில் பதிந்த காணொளித் துணுக்குகளைப் படவில்லைகளில் சேர்ப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. அத்துணுக்குகள் கோப்பின் அளவைப் பன்மடங்கு பெருக்குவதால் அவற்றைச் சுருக்க வேண்டிய தேவை எழுகிறது. எல்லாத் துணுக்குகளையும் ஒரே அளவுகோலால் சுருக்கும்போது, எதைக் காட்டுவதற்காகத் துணுக்கு சேர்க்கப்பட்டதோ அதுவே அழிந்துபோகக்கூடும். காணொளி சுருங்கும் முறையையும், தெருக்கூத்து, பரதநாட்டியம், ஒலியியல், சுவடியியல் ஆகிய துறைகளின் துணுக்குகளில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. களப்பதிவில் நீக்கப்பட்டதாகக் கருதப்படும் பகுதி கோப்பினுள் எஞ்சி நிற்கும் சிக்கலும் இதில் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: படவில்லை, காணொளி, பிட் வீதம், பிரிதிறன், குறியாக்கம், களப்பதிவு, தெருக்கூத்து, ஓலைச்சுவடி

முன்னுரை

எழுத்தும் சில நிழற்படங்களும் மட்டும் கொண்ட இருபது படவில்லைகள் பெரும்பாலும் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். அவற்றுள் ஒன்றில், திறன்பேசியில் பதிந்த நாற்பது நொடிக் காணொளி ஒன்றைச் சேர்த்தவுடன் கோப்பு எண்பது, தொண்ணூறு மெகாபைட்டைத் தொட்டுவிடுகிறது. இத்தகைய துணுக்குகள் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் கோப்பைத் திறப்பதற்கே பழைய கணினிகள் திணறும்.

மின்னஞ்சலில் அனுப்புவதும் இயலாது. ஜிமெயில் 25 மெகாபைட்டைக் கடந்த கோப்பை நேரடியாக இணைத்து அனுப்புவதில்லை. மேலும், மின்னஞ்சலில் இணைக்கப்படும் கோப்பு எழுத்துருவில் மாற்றப்பட்டே பயணம் செய்வதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே, 25 மெகாபைட் என்னும் எல்லை நடைமுறையில் ஏறத்தாழ 18 மெகாபைட்டாகவே அமையும். கருத்தரங்க அமைப்பாளர்கள் அனைவருடைய கோப்புகளையும் முன்னரே பெற்று அரங்கின் ஒரே கணினியில் ஏற்றிவைக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், இவ்வெல்லை ஆய்வாளருக்கு ஒரு நெருக்கடியாகவே வந்து நிற்கிறது.

இந்நெருக்கடியில் ஆய்வாளர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. காணொளியை நீக்கிவிட்டு அதில் உள்ளதைச் சொற்களால் விவரிப்பார். அல்லது கிடைத்த செயலி ஒன்றில் இட்டு இயன்ற அளவு சிறிதாக்கிவிடுவார். முன்னதில் சான்றே இல்லை. பின்னதில் சான்று இருப்பதுபோல் தோன்றும். அரங்கில் திரையிடும்போது கூத்தரின் முகவண்ணமும் ஆடுபவரின் பாதமும் மங்கிய திட்டுகளாகத் தெரியும். பின்னதே கூடுதல் தீங்கானது எனலாம். இல்லாத சான்றை அவையினர் கேட்டுப் பெறுவர். சிதைந்த சான்றைக் கண்டு தவறான முடிவுக்கு வருவர்.

கோப்பளவும் பிட் வீதமும்

காணொளியின் அளவை வரையறுப்பவை இரண்டே: எத்தனை நொடி ஓடுகிறது, ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவாகிறது. பின்னதைப் பிட் வீதம் என்பர். நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் எண்ணை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட் அளவு கிடைக்கும். திறன்பேசிகள் பல, முழு உயர்தெளிவுக் காணொளியை நொடிக்கு ஏறத்தாழ 17 மெகாபிட் வீதத்தில் பதிகின்றன. அவ்வாறாயின் 40 நொடிக்கு 85 மெகாபைட். அதே துணுக்கை நொடிக்கு 1.5 மெகாபிட் வீதத்தில் மீண்டும் குறியாக்கம் செய்தால் 7.5 மெகாபைட், 128 கிலோபிட் வீதத்தில் ஒலியைச் சேர்த்தாலும் 8.2 மெகாபைட்டைத் தாண்டாது.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முதல் உண்மை, துணுக்கின் நீளத்தைக் குறைப்பதே எவ்விதச் சேதமும் இல்லாத சுருக்கம் என்பது. பதினைந்து நிமிட உரையில் நான்கு நிமிடக் காணொளிக்கு இடமில்லை. வாதத்துக்கு வேண்டிய பன்னிரண்டு நொடி எது என்று தெரிந்தெடுப்பது கணினிப் பணி அன்று, ஆய்வுப் பணி. அதை மென்பொருளிடம் ஒப்படைக்க இயலாது.

பிபிடிஎக்ஸ் கோப்பை மேலும் ஒருமுறை ஜிப் செய்து அனுப்பும் பழக்கம் பலரிடம் உண்டு. பயனில்லை. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பவர்பாயிண்ட் உருவாக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பே ஒரு ஜிப் பொதிதான். அதனுள் உள்ள காணொளியும் முன்னரே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மீண்டும் பிழிவதில் நீர் வருவதில்லை.

காணொளி சுருங்கும் முறை

முழு உயர்தெளிவுச் சட்டகம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட் எனக் கொண்டால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 6.2 மெகாபைட், நொடிக்கு 30 சட்டகம் எனில் ஏறத்தாழ 187 மெகாபைட். நாற்பது நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிகாபைட் ஆகிறது. திறன்பேசி அதை 85 மெகாபைட்டாக்கித் தருகிறது என்றால், ஆய்வாளர் கைக்கு வருவதற்கு முன்னரே காணொளி ஏறத்தாழ எண்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதே பொருள்.

இச்சுருக்கம் இரண்டு வகையால் நிகழ்கிறது. ஒரு சட்டகத்துக்குள் அண்டை அண்டையாக உள்ள புள்ளிகள் பெரும்பாலும் ஒத்திருப்பதால், அவற்றைத் தொகுதியாகக் கருதி நுண்ணிய வேறுபாடுகளை விடுத்து எழுதுவது ஒன்று. அடுத்தடுத்த சட்டகங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், முழுச்சட்டகத்தை இடையிடையே மட்டும் சேமித்து, ஏனையவற்றில் எது எங்கே நகர்ந்தது என்பதையும் எஞ்சிய வேறுபாட்டையும் மட்டும் குறிப்பது மற்றொன்று. பேரளவுச் சிக்கனம் இந்த இரண்டாம் வகையால்தான் கிட்டுகிறது. அசையாச் சுவரின் முன் அமர்ந்து பேசும் தகவலாளரின் காணொளி வியக்கத்தக்க அளவு சிறிதாவதற்கும், காற்றில் ஆடும் மரத்தின் முன் அவரை அமர்த்திப் பதிந்த காணொளி அவ்வாறு ஆகாமைக்கும் காரணம் இதுவே.

கிஃப் வடிவில் அசைபடமாக மாற்றிச் சேர்த்தால் கோப்பு சிறிதாகும் என்னும் கருத்து நிலவுகிறது. 1987-இல் உருவான அவ்வடிவம் ஒரு சட்டகத்தில் 256 நிறங்களுக்கு மேல் ஏற்பதில்லை, நகர்வைக் கணிக்கும் முறை அதில் இல்லை, ஒலியும் இல்லை. மக்களைப் படம்பிடித்த காணொளியைக் கிஃப் ஆக்கினால், அதே நீளமுள்ள எம்பி4 கோப்பைவிட அது பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

படப்பிடிப்பில் தொடங்கும் சிக்கனம்: தெருக்கூத்துப் பதிவு

தமிழகத்தின் வட மாவட்டங்களில் இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்து, காணொளிக் குறியாக்கத்துக்கு மிகக் கடினமான பொருள்களுள் ஒன்று. ஒளி குறைவு, விளக்கின் நேர் எதிரே மிகு ஒளி, சற்றே விலகினால் இருள். திறன்பேசி இருளைச் சரிசெய்ய உணர்வியின் திறனைக் கூட்டும்போது படம் முழுவதும் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் படர்கிறது. இவ்விரைச்சல் ஒவ்வொரு சட்டகத்திலும் வேறுவேறாக அமைவது. முன்சட்டகத்தைக் கொண்டு அதைக் கணிக்க இயலாது. எனவே குறியாக்கி, கூத்தரின் அடவுக்குச் செலவிட வேண்டிய பிட்டுகளை அர்த்தமற்ற மணலுக்குச் செலவிடுகிறது. பிட் வீதத்தைக் குறைத்தால் மணலும் முகவண்ணமும் ஒருசேரக் கரைகின்றன.

கட்டியக்காரனின் முக அசைவையோ, முகத்தில் எழுதிய கோடுகளின் வேறுபாட்டையோ காட்டுவது நோக்கமாயின், இரைச்சல் நீக்கும் வடிப்பியைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. மென்மையாகப் பயன்படுத்தினால் கோப்பளவு கணிசமாகக் குறையும். அளவு மீறினால் வடிப்பி மெல்லிய கோட்டையும் இரைச்சலாகவே எண்ணித் துடைத்துவிடும். முகவண்ணம் பற்றிய கருத்துக்கு ஒப்பனையறையில் நல்ல ஒளியில் எடுத்த நிழற்படமே சிறந்த சான்று. காணொளி அசைவுக்கு மட்டும் போதும்.

முக்காலி ஒன்றில் கருவியை நிறுத்திப் பதிவது, பின்னர் எந்த மென்பொருளாலும் பெற இயலாத சிக்கனத்தைத் தருகிறது. கையில் பிடித்து எடுக்கும் படத்தில் பின்புலம் முழுவதும் ஓயாது நடுங்குவதால் சட்டகத்தின் ஒவ்வொரு பகுதியும் புதிதாக எழுதப்பட வேண்டியதாகிறது.

திரை காட்டும் அளவு

படவில்லையில் காணொளி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்னும் கேள்வியைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. கல்லூரி அரங்குகளில் இன்றும் பயனில் உள்ள ஒளிவீழ்த்திகள் பலவற்றின் இயல்பான பிரிதிறன் 1024 × 768 அல்லது 1280 × 800 மட்டுமே. இரண்டாம் வகைக் கருவியில், படவில்லையின் பாதி அகலத்தில் வைக்கப்பட்ட காணொளி 640 புள்ளி அகலத்தில்தான் திரையில் விழும். அக்காணொளி 1920 புள்ளி அகலத்தில் சேமிக்கப்பட்டிருந்தாலும், மிகுதியானவை கருவியால் கைவிடப்படும். 640 × 360 அளவில் உள்ள புள்ளிகள் முழு உயர்தெளிவுச் சட்டகத்தில் உள்ளவற்றில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. கோப்பளவு அதே விகிதத்தில் குறைந்துவிடாது என்றாலும் பெரிய அளவில் குறையும். அவையினர் காண்பதில் இழப்பு ஏதும் இராது.

ஆகவே முதலில் படவில்லையை வடிவமைத்து, காணொளிக்குரிய இடத்தை உறுதிசெய்து, பின்னரே பிரிதிறனைத் தேர்வது முறை. திரை முழுவதும் காட்டவேண்டிய துணுக்குக்கு 1280 × 720 போதுமானது.

துறைதோறும் வேறுபடும் தேவை

பரதநாட்டிய அடவுகளை மூன்றாம் காலத்தில் காட்டும் துணுக்கில் பிரிதிறனைக் குறைக்கலாம். சட்டகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாகாது. ஒரு நொடியில் ஆறு முறை பாதம் தட்டப்படுகிறது எனக் கொண்டால், நொடிக்கு 30 சட்டகமுள்ள பதிவில் ஒரு தட்டுக்கு ஐந்து சட்டகங்கள் கிடைக்கும். பாதம் எழுவதும் விழுவதும் அவற்றில் பிரித்தறியப்படும். கோப்பைச் சிறிதாக்க வேண்டி 12 சட்டகமாகக் குறைத்தால் ஒரு தட்டுக்கு இரண்டே எஞ்சும். தட்டும் நாட்டும் வேறுபடுத்த இயலாமற் போகும். கணினித்திரையில் சொல்லடைவுத் தேடலைச் செய்துகாட்டும் பதிவுக்கு இது நேர்மாறு. அதில் நொடிக்குப் பத்துச் சட்டகமே போதும். ஆனால் பிரிதிறன் குறைந்தால் எழுத்துகள் படிக்க இயலாதனவாகிவிடும்.

ஒலியியல் ஆய்வில் நிலைமை முற்றிலும் வேறு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்டப் பேசுபவரின் முகத்தைப் படம்பிடித்துச் சேர்ப்பதால் விளையும் பயன் மிகக் குறைவு. நாவளைவு வெளியிலிருந்து தெரிவதில்லை. அங்குச் சான்றாவது ஒலி. ஏஏசி போன்ற ஒலிச்சுருக்க முறைகள் செவி உணராதனவற்றை நீக்கும் கொள்கையில் அமைந்தவை. செவிக்கு நிறைவாக இருப்பது அலைமாலைப் பகுப்பாய்வுக்கும் நிறைவாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 44,100 மாதிரிகளும் 16 பிட்டும் கொண்ட சுருக்கப்படாத வேவ் ஒலிக்கோப்பு 20 நொடிக்கு 1.8 மெகாபைட்டே ஆகிறது. காணொளியை முற்றிலும் விடுத்து, அலைமாலைப் படம் ஒன்றும் வேவ் கோப்பு ஒன்றும் சேர்த்தால் கோப்பும் சிறியது, சான்றும் முழுமையானது. உயர்தெளிவுக் காணொளியை வைத்துக்கொண்டு ஒலியைக் குறைக்கும் இன்றைய வழக்கம் தலைகீழானது.

ஓலைச்சுவடியின் மீது கருவியை மெல்ல நகர்த்திப் பதிந்த காணொளிகளைச் சுவடியியல் உரைகளில் காண முடிகிறது. அழகாக இருப்பினும் சான்றாக இவை தகுதி குறைந்தவை. சுவடி எழுத்தில் மெய்ப்புள்ளி பொதுவாக இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே வரும். படிப்பவர் இடம் நோக்கியே எழுத்தைத் துணிகிறார். இந்நிலையில் குறியாக்கத்தால் ஒரு மெல்லிய கீறல் மறைந்தாலும், இல்லாத கீறல் ஒன்று திட்டாகத் தோன்றினாலும், பாட வேறுபாடு பற்றிய வாதமே ஆட்டம் காணும். நகரும் கருவி எழுத்தை மேலும் மங்கச் செய்கிறது. ஓர் ஏட்டின் தெளிவான நிழற்படத்தை ஒன்றிரண்டு மெகாபைட்டில் சேர்த்து, வேண்டிய வரியைப் பெரிதாக்கிக் காட்டுவதே இங்கு ஏற்றது.

மீள்குறியாக்கமும் கருவிகளும்

சுருக்கும்போது ஒவ்வொரு முறையும் இழப்பு கூடுகிறது. முதற்பதிவிலிருந்து ஒரே ஒரு முறை குறியாக்கம் செய்வதே முறை. வாட்ஸ்ஆப் வழியாகக் காணொளியாக அனுப்பிப் பெற்ற படி முன்னரே கடுமையாகச் சுருக்கப்பட்டது. அதை மீண்டும் சுருக்கினால் திட்டுகளே மிஞ்சும்.

ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் ஆகிய இலவசக் கருவிகள் இப்பணிக்குப் போதும். பிட் வீதத்தைக் கொடுப்பதற்கு மாறாக, தர எண் ஒன்றைக் கொடுத்து அதற்கு வேண்டிய பிட்டுகளைக் கருவியே தீர்மானிக்குமாறு விடுவது நல்லது. எஃப்எஃப்எம்பெக் கருவியில் எச்.264 குறியாக்கத்துக்கு இவ்வெண் 0 முதல் 51 வரை அமையும்; இயல்பான மதிப்பு 23. எண் ஆறு கூடினால் கோப்பளவு ஏறத்தாழப் பாதியாகும். 23-இல் ஒரு முறையும் 28-இல் ஒரு முறையும் செய்து, அரங்கின் திரையிலோ அதற்கு ஒப்பான பெரிய திரையிலோ இரண்டையும் பார்த்துத் தெரிவுசெய்யலாம். மடிக்கணினியின் சிறு திரையில் மறையும் குறைகள் அரங்கில் வெளிப்படும்.

2013-இல் தரப்படுத்தப்பட்ட எச்.265 முறை, 2003-இல் வந்த எச்.264 முறையைவிட ஏறத்தாழப் பாதி அளவில் அதே தரத்தைத் தரவல்லது. ஆயினும் கூடுதல் மென்பொருள்கூறு நிறுவப்படாத விண்டோஸ் கணினியில் அது ஓடாமற் போகலாம். ஆய்வாளர் தம் கணினியில் ஓடுவதை அறிவார்; அரங்கின் கணினியை அறியார். பவர்பாயிண்டுக்கு எச்.264 காணொளியும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பையே மைக்ரோசாப்ட் பரிந்துரைக்கிறது. புதிய திறன்பேசிகள் பல எச்.265 முறையிலேயே பதிவதால், சுருக்கும் தேவை இல்லாதபோதும் மாற்றிக்கொள்ளும் தேவை எழுகிறது.

உட்பொதித்தலும் தொடுப்பும்

காணொளியைப் படவில்லைக் கோப்பினுள்ளேயே வைப்பது உட்பொதித்தல். வெளியே வைத்து அதன் இருப்பிடத்தை மட்டும் குறிப்பது தொடுப்பு. தொடுப்பால் கோப்பு சிறிதாகிறது; ஆனால் பென்டிரைவில் படவில்லைக் கோப்பை மட்டும் எடுத்துச் செல்வோருக்கு அரங்கில் வெற்றுக் கறுப்புக் கட்டமே கிடைக்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்துத் தொடுத்து, கோப்புறையை முழுமையாக நகலெடுத்தால் பெரும்பாலும் சிக்கல் எழாது. யூடியூப் தொடுப்பு, அரங்கில் இணையம் உண்டு என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது. கலைஞரின் இசைவு ஆய்வுக்கு மட்டும் பெறப்பட்டிருக்கும்போது பொதுத்தளத்தில் ஏற்றுவது முறையுமன்று. துணுக்கு முறையாகச் சுருக்கப்பட்டுவிட்டால் உட்பொதித்தலே பாதுகாப்பானது.

பவர்பாயிண்டின் ‘தகவல்’ பகுதியில் உள்ள ஊடகச் சுருக்கக் கட்டளை 1080, 720, 480 வரிகள் என மூன்று தெரிவுகளைத் தருகிறது. எளிது, விரைவானது. ஆனால் அது கோப்பில் உள்ள காணொளிகளை எல்லாம் ஒரே தெரிவின்படி மாற்றுகிறது. நாட்டியத் துணுக்குக்கும் நேர்காணலுக்கும் தனித்தனி அளவைக் கேட்பதில்லை. ஒரே தன்மையான துணுக்குகள் மட்டும் உள்ள உரைக்கு அது போதும்.

நீக்கப்பட்டதாகக் கருதப்படும் பகுதி

பவர்பாயிண்டுக்குள்ளேயே காணொளியின் முன்னும் பின்னும் வெட்டும் வசதி உண்டு. ஐந்து நிமிட நேர்காணலைச் சேர்த்து, வேண்டிய இருபது நொடியை மட்டும் குறித்தால் உரையில் அவ்விருபது நொடியே ஓடும். ஆனால் கோப்பளவு குறையாது. காரணம், எஞ்சிய நான்கு நிமிடம் நாற்பது நொடியும் கோப்பினுள் அப்படியே இருக்கின்றன. அவை மறைக்கப்பட்டனவே அன்றி நீக்கப்பட்டன அல்ல. ஊடகச் சுருக்கக் கட்டளையை இயக்கிச் சேமித்தபின்னரே அகல்கின்றன.

இது கோப்பளவைப் பற்றிய செய்தி மட்டுமன்று. களத்தில் தகவலாளர் ஒருவர் ஊர்ப் பூசல், சாதி, குடும்பம் பற்றி நம்பிக்கையின் பேரில் சொன்னவை வெட்டப்பட்ட பகுதியில் இருக்கலாம். பதிவில் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட சொற்களே இருக்கலாம். அக்கோப்பு அமைப்பாளருக்கும், அரங்கக் கணினிக்கும், பின்னர் உரைகளைத் திரட்டிப் பகிரும் அனைவருக்கும் செல்கிறது. பெறுபவர் எவரும் வெட்டு எல்லையை நகர்த்தி முழுவதையும் கேட்க இயலும்.

எனவே துணுக்கை வெளிக்கருவியில் வெட்டி, மீள்குறியாக்கம் செய்து, பின்னரே படவில்லையில் சேர்ப்பது கட்டாயம் எனக் கொள்ளத்தகும். மீள்குறியாக்கம் செய்யாமல் விரைந்து வெட்டும் கருவிகள் அருகிலுள்ள முழுச்சட்டகத்தில்தான் வெட்ட இயலும் என்பதால், வேண்டாத சில நொடிகள் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

சரிபார்க்கும் வழி எளியது. படவில்லைக் கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதன் பெயரின் ஈற்றை ஜிப் என மாற்றித் திறந்தால் உள்ளே ஊடகங்களுக்கான கோப்புறை தென்படும். உட்பொதித்த ஒவ்வொரு காணொளியும் அதில் தனிக்கோப்பாக, தன் உண்மையான அளவுடன் இருக்கும். எது கோப்பைப் பெருக்குகிறது என்பது அங்கே உடனே தெரியும். ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் இறுதி வரை ஓடவிட்டுக் கேட்டபின்னரே கோப்பை அமைப்பாளருக்கு அனுப்புதல் வேண்டும்.